ஜிம்பு என்னும் மலை வெங்காயம்

முக்திநாத யாத்திரை முடித்துத் திரும்பிய வாசகி ஒருவர், அங்கே வாங்கிய காய்ந்த புல் போன்ற பொருளில் ஒரு சிட்டிகையைக் கடிதத்துக்குள் மடித்து வைத்து, இது மூலிகையா, தேயிலையா என்று வினவியிருக்கிறார். இரண்டுமல்ல, நேபாளத்தார் ஜிம்பு என்று வழங்கும் காட்டு வெங்காயத்தின் தாள் அது.

ஆழ்வார்கள் பாடிய சாளக்கிராமம் என்று வைஷ்ணவர்கள் போற்றும் அந்த க்ஷேத்திரம் அமைந்த முஸ்தாங் பிரதேசம், அன்னபூர்ணாவும் தவளகிரியும் பருவமழையை மறித்துக்கொள்வதால் வறண்டு கிடப்பது. அந்தக் குளிரிலும் ஓயாத காற்றிலும் இரண்டு இனங்கள் ஜிம்பு என்ற ஒரே பெயரோடு வளர்கின்றன. அவற்றுள் ஒன்றுக்கு 1960-இல் வில்லியம் ஸ்டெர்ன் என்னும் தாவர சாஸ்திரி இட்ட ‘ஹிப்சிஸ்டம்’ என்ற பெயருக்குக் கிரேக்க மொழியில் ‘மிக உயர்ந்தது’ என்று பொருள்.

என்னை வசப்படுத்தியது அதன் வாசனையின் ஸ்வபாவமே. வெங்காயக் குலம் முழுவதிலும் கந்தகம் கலந்த ஒரு சத்தும், அதைச் சிதைக்கும் நொதியும், ஒரே உயிரணுவுக்குள் தனித்தனி அறைகளில் வாசம் செய்கின்றன. நசுக்கினாலன்றி அவை சந்திப்பதில்லை, சந்தித்தாலன்றிக் காரமணம் பிறப்பதில்லை. நிழலில் உலர்த்திய ஜிம்புவோ, முகர்ந்தால் வைக்கோலைப் போலச் சாதுவாக இருந்து, காய்ந்த நெய்யில் விழுந்த க்ஷணத்திலேயே வீடு முழுவதும் பரிமளிக்கிறது. சூடான நெய்யில் அந்த மணம் எளிதில் கரைந்து வெளிப்படுவதே காரணம். சித்திரை வெயிலில் என் பாட்டி சின்ன வெங்காயமும் உளுந்தும் கடுகும் சேர்த்து உருட்டிக் காயவைத்த வடகம், ஜாடிக்குள் மாதக்கணக்கில் அடங்கிக் கிடந்துவிட்டு, தாளிக்கும்போது தெருக்கோடி வரைக்கும் தன் வரவை அறிவித்தது எனக்கு நினைவு வருகிறது.

மலையில் ஜிம்பு பறிப்போர் தாளை மட்டும் அரிந்துகொண்டு கிழங்கை மண்ணிலேயே விட்டால் செடி மறுபடி துளிர்க்கும்; பூத்து விதை உதிரும்வரை சில செடிகளையாவது தொடாமல் விட்டால் மலைச்சரிவு வெறுமையாகாது. விலை கிடைக்கிறதென்று வேரோடு பிடுங்குவதும், பூக்குமுன் ஒன்றுவிடாமல் அறுப்பதும் அக்கிரமம் என்றே சொல்வேன். உழாமலும் நீர் பாய்ச்சாமலும் கிடைப்பதால் ஒரு பொருளை உடையவரற்றதென்று எண்ணுவது எப்படி நியாயமாகும்?

கடிதம் எழுதிய அம்மையார் இதைச் சமைத்துப் பார்க்க விரும்பினால், தோலுளுந்தைக் குழைய வேகவைத்து, நெய்யை நன்றாகக் காய்ச்சி, ஒரு சிட்டிகை ஜிம்புவைத் தூவி, அது கருகுமுன் பருப்பில் கொட்டி உடனே மூடிவிட வேண்டும்.