மலையில்லா ஊரில் மலை வரைவதேன்?

கோடு, வடிவம், நிறம், ஒளிநிழல், வெளி முதலியன சித்திரத்தின் உறுப்புகள். சமநிலை, லயம், முனைப்பு, ஒருமைப்பாடு என்பன அவ்வுறுப்புகளை இசைவுறக் கூட்டும் விதிகள். பரீட்சைக்குச் செல்லும் மாணவர் இவற்றைத் தடையின்றி ஒப்புவிப்பர். அவர்களிடம் ஒரு தாளைக் கொடுத்து, "உன் ஊரை வரை" என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு முக்கோண மலைகள், அவற்றின் நடுவே உதிக்கும் சூரியன், கீழே வளைந்தோடும் ஓர் ஆறு! நுரைச்சோலையிலே பிறந்து வளர்ந்த பிள்ளையும் இதற்கு விலக்கன்று.

நுரைச்சோலையில் மலை ஏது? பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குச் செல்லும் வீதியில், மேற்கே கடலுக்கும் கிழக்கே புத்தளம் களப்புக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய மணற்றரையில் அமைந்த ஊர் அது. அங்கே ஞாயிறு களப்பின் பக்கம் எழுந்து கடலிலே மறைகின்றது. அப்படியிருந்தும், கண்முன் நிற்பதை விட்டு ஏட்டிற் கண்டதைக் கை வரைகின்றது. பார்க்கப் பழகாத கண்ணுக்கு உறுப்புகளின் பெயர் தெரிந்து என்ன பயன்? ஆதலால் அவ்வூர்க் கரையையே பாடநூலாகக் கொண்டு பார்ப்போம்.

முதலிலே கோடு. அடிவானம், ஈரமணலின் விளிம்பு, அலை விட்டுச் சென்ற நுரை யாவும் கிடைக்கோடுகள். கிடைக்கோடு மனத்துக்கு ஓய்வைத் தருவது. நாமும் இளைப்பாற விரும்பினால் படுக்கத்தானே செய்கின்றோம்! தென்னையும் பனையும் அதைக் குறுக்கே வெட்டி நிமிர்கின்றன. கடற்காற்றிற் சாய்ந்த மரமோ அசைவைக் காட்டுகின்றது.

இதே கடற்கரைப் பாடத்தை ஒல்லாந்து நாட்டு ஓவியர் பியட் மொண்ட்ரியனும் (1872–1944) பயின்றார். 1914இல் தாயகம் வந்தவர், உலகப் போர் மூண்டமையாற் பாரிசுக்குத் திரும்ப இயலாது தங்கினார். அக்காலத்திலே கடலையும் அதனுள் நீண்டு செல்லும் துறைமேடையையும் மீண்டும் மீண்டும் வரைந்தார். 1915இல் அவர் தீட்டி முடித்த படத்தில் நீல நிறமில்லை, அலையின் உருவமுமில்லை. வெண்பரப்பின்மீது குறுகிய கரிய கோடுகள், கிடையாகவும் நிமிர்ந்தும் கிடக்கின்றன. கணக்காசிரியர் கூட்டல், கழித்தற் குறிகளைக் கொட்டிவிட்டாரோ என்று நகைக்கவும் தோன்றும். சற்றுப் பொறுமையுடன் நோக்கினால் நீர்ப்பரப்பின் மினுமினுப்புத் தென்படும். நுரைச்சோலையிலும் நிலக்கரி இறக்கும் துறைமேடை கடலுள் நீண்டு நிற்கின்றது. அதை வரைந்த பிள்ளைகள் எத்தனை பேர்?

லயத்தைக் காண அண்டையிலுள்ள மாம்புரிக்குச் செல்லவேண்டும். 2010இல் இயங்கத் தொடங்கிய காற்றாலைகள் அங்கே வரிசையாக நிற்கின்றன. அருகிலுள்ளது பெரிதாகவும் அப்பாலுள்ளவை படிப்படியாகச் சிறுத்தும் தோன்றுவதால், லயத்தோடு வெளியின் ஆழமும் புலனாகும். வெங்காயப் பாத்திகளும் அவ்வாறே.

இனி முனைப்பு, நமக்கு முக்கியமாகத் தோன்றுவது இதுவே. நுரைச்சோலை என்றதும் நாட்டவர் நினைப்பது அனல் மின்நிலையத்தையே. 2011இல் 300 மெகாவாற்று வலுவுள்ள முதற் பிரிவு திறக்கப்பட்டது. 2014இல் மூன்று பிரிவுகளாக 900 மெகாவாற்றாயிற்று. தாழ்ந்த நிலத்திலே அதன் புகைபோக்கியினின்றும் கண் தப்ப முடியாது. ஆயினும் வாழ்த்து அட்டை வரைவோர் அதை அழித்துவிட்டுத் தென்னையையும் அந்திவானையும் மட்டும் தீட்டுவர். ஒரு மாணவன் புகைபோக்கியை நடுவிலே பெரிதாக நிறுத்தி, வீடுகளை அதன் காலடியிற் சிறிதாக வைக்கின்றான் என்க. மற்றொருவன் வெங்காயத் தோட்டத்தை முன்னே விரித்து, புகைபோக்கியை மூலையில் மெல்லிய கோடாக்குகின்றான். இருவரும் வரைந்தது ஒரே ஊர்தான், சொன்னது வெவ்வேறு. கரித்தூசும் சாம்பலும் பற்றி ஊரவர் முறையிட்டதுண்டு. வீடுகளில் விளக்கு எரிவதற்கு அந்நிலையம் வேண்டியிருப்பதும் உண்மை. இவற்றுள் எதை முன்வைப்பது என்பதை வரைபவனே தீர்மானிக்கவேண்டும். முனைப்பு என்னும் விதி அலங்காரத்துக்கு மட்டும் உரியதன்று.

புகைபோக்கியை ஓரத்தில் வைத்தாற் படம் சாய்ந்துவிடாதா என்று சிலர் வினவுவர். இரு பாதியும் ஒத்திருப்பதே சமநிலை என்ற எண்ணம், நம் வாசற் கோலத்தைப் பார்த்துப் பழகியதால் வந்தது போலும். பொலன்னறுவையிற் கிடைத்து, கொழும்பு அருங்காட்சியகத்திலுள்ள நடராசர் திருவுருவத்தை நோக்குக. ஒரு கால் ஊன்றியது, மறுகால் தூக்கியது. கைகளோ நான்கும் நான்கு விதம். இரு பாதியும் ஒவ்வா. எனினும், ஊன்றிய திருவடியின்மேல் பாரம் முழுவதும் அமைதியாக நிற்கின்றது. அதுபோலவே, ஓரத்திலுள்ள கனத்த உருவத்தை மறுபுறத்து விரிந்த வெறுங்கடலும், அதில் ஒரு சிறு வள்ளமும் ஈடுசெய்துவிடும்.

பெற்றோர் ஓர் அட்டையில் மூன்று அங்குல நீளமும் இரண்டு அங்குல அகலமும் உள்ள துளை வெட்டிப் பிள்ளையின் கையிற் கொடுக்கலாம். அதனூடே ஒரு கண்ணாற் கரையைப் பார்த்து, துளைக்குள் அகப்படும் பெரிய கோடுகள் ஐந்தை மட்டும் முதல்நாள் அவன் வரையட்டும். நிறப்பெட்டி அன்று வீட்டிலேயே இருக்கலாம்.