வீட்டுச் சுவரில் ஒரு மீட்டர்கேஜ் ஸ்டேஷன்

சிறு ரயில் மாதிரி அமைப்பது பெரிய ஹால் உள்ளவர்களுக்கே இயலும் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. புனே நகரில் பாவுசாகேப் ஜோஷி உருவாக்கி 1998-ல் திறந்த சிறு ரயில் அருங்காட்சியகத்தைக் கண்டவர்கள் அப்படி நினைப்பது இயல்பே. ஆனால் எட்டடிச் சுவர் ஒன்று இருந்தாலே போதும். எதை அமைப்பது என்று சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். உலகெங்கும் பரவலாக உள்ள அளவு 87-ல் ஒரு பங்கு. சித்தூரிலிருந்து திருப்பதிக்கு ரயில் பாதை சுமார் 70 கிலோமீட்டர். அதை 87-ல் ஒரு பங்காகச் சுருக்கினாலும் 800 மீட்டர் வரும், தெருவே போதாது. ஆகவே முழுப் பாதையை மறந்துவிட்டு ஒரே ஒரு ஸ்டேஷனை எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது வளைவு. நம் அகலப்பாதையில் அனுமதிக்கப்படும் மிகக் கூர்மையான வளைவு 10 டிகிரி, அதாவது 175 மீட்டர் ஆரம். மாதிரியில் இது 2 மீட்டர் ஆரமாகும். வட்டமாகச் சுற்றிவர 13 அடி அகலம் வேண்டும். மீட்டர்கேஜில் 16 டிகிரி வரை, அதாவது 109 மீட்டர் ஆரம் வரை அனுமதி உண்டு. மாதிரியில் அது 1.25 மீட்டர். அதற்கும் எட்டடிக்கு மேல் அகலம் தேவை. பொம்மை ரயில் போல இன்னும் குறுக்கி வளைக்கலாம். ஆனால் நீளமான பெட்டிகள் வளைவில் முண்டிக்கொண்டு நிற்கும், பார்க்க உண்மையாக இராது. எனவே வட்டத்தை விட்டுவிட்டு, சுவரோரமாக நேர்ப்பாதை அமைப்பதே உத்தமம்.

எந்தப் பாதை? மீட்டர்கேஜ் என்பேன். காரணம் இரண்டு. கடையில் கிடைக்கும் 16.5 மில்லிமீட்டர் தண்டவாளம் ஐரோப்பாவின் 1435 மில்லிமீட்டர் பாதைக்கு உரியது. நம் 1676 மில்லிமீட்டர் அகலப்பாதைக்கு 19 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும்; அது கடையில் கிடைப்பதில்லை. மீட்டர்கேஜுக்கோ 11.5 மில்லிமீட்டர் போதும். வெளிநாட்டுக் கடைகளில் கிடைக்கும் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தில் பொருந்திவிடும். இரண்டாவது காரணம், கிளைப்பாதை வண்டிக்கு மூன்று பெட்டிகள் இருந்தாலே பார்வைக்குக் குறைவு தெரியாது.

நம் பக்கத்திலேயே நல்ல உதாரணம் உண்டு: பாகாலா ஜங்ஷன். தென்னிந்திய ரயில்வே 1890களின் தொடக்கத்தில் அமைத்த பாகாலா–தர்மவரம் மீட்டர்கேஜ் பாதை 2010-ல் அகலப்பாதையாக மாறியது.

இடப் பங்கீடு

எட்டடி நீளம், ஒன்றேகால் அடி அகலமுள்ள பலகை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தடி ஸ்டேஷனுக்கு, மீதி மூன்றடி மறைவான யார்டுக்கு. என்ஜின் ஒன்று, பெட்டிகள் மூன்று. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு சாண். ஆக வண்டி மூன்றடி. லூப் லைனின் இரு முனைகளிலும் முக்கால் அடி பாயிண்டுகள் வைத்தால் நான்கரை அடி, ஐந்தடிக்குள் அடங்கும். மறைவான பகுதியில் பாயிண்டே வேண்டாம். பட்டறைகளில் பெட்டிகளைப் பக்கவாட்டில் நகர்த்தும் டிராவர்சர் போல, மூன்று தண்டவாளங்கள் பதித்த பலகையைக் கையால் தள்ளினால் அடுத்த வண்டி தயார். நடுவில் ஒரு சாலை மேம்பாலம் வைத்தால் வண்டி எங்கே மறைகிறது என்பது தெரியாது.

பாதைக்கு மேல் பாதை போட ஆசைப்படாதீர்கள். 7 சென்டிமீட்டர் உயரம் ஏற, 33-க்கு 1 ஏற்றத்திலும், இரண்டேகால் மீட்டருக்கு மேல் நீளம் போய்விடும்.

வேலை முறை

அடிப்பலகைக்குக் கரையான் அரிக்காத பிளைவுட் நல்லது. நம் ஊர் வெயிலுக்குத் தண்டவாள இணைப்புகளில் விசிட்டிங் கார்டு கனத்துக்கு இடைவெளி விடுங்கள். ஜல்லிக்கு ரவை அளவில் சலித்த மணல். ஃபெவிகாலில் சம அளவு தண்ணீரும் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பும் கலந்து துளித்துளியாக விட்டால், சோப்பின் உதவியால் பசை அடிவரை இறங்கும். மின்சாரம் 12 வோல்ட் டி.சி. போதும், முனைகளை மாற்றினால் வண்டி திரும்பி ஓடும்.

வொய்.பி. என்ஜின் மாதிரி கடையில் அரிது. 12 மில்லிமீட்டர் பாதைக்கான வெளிநாட்டு என்ஜினின் அடிச்சட்டத்தை வாங்கி, மேல்கூட்டை நாமே செய்யலாம். பழகுவதற்கு முதலில் அட்டையில் பெட்டிகள் செய்யுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பாதையில் வேலை பார்த்தவர்களைத் தேடிச் சென்று, சிக்னல் எங்கே நின்றது, தண்ணீர்க் குழாய் எங்கே இருந்தது, ஓட்டுக் கட்டடத்துக்கு என்ன வண்ணம் என்று கேட்டு வரைபடம் போட்டுக்கொள்ளுங்கள். பிளைவுட் அடுத்த மாதமும் கடையில் கிடைக்கும். அவர்களுக்கெல்லாம் வயதாகிவிட்டது.