வெயிலைத் தேடும் நோயாளி: பச்சோந்தியின் சுவாசத் தொற்றும் சிகிச்சையும்

கூட்டில் வளர்க்கப்படும் பச்சோந்திகளுக்கு அடிக்கடி வரும் நோய்களுள் ஒன்று சுவாசத் தொற்று. மூக்குத் துவாரத்திலிருந்து நுரையீரல் வரையுள்ள காற்றுப் பாதையில் பற்றீரியா, பூஞ்சணம், வைரஸ் அல்லது ஒட்டுண்ணி பெருகி அழற்சியையும் சளியையும் உண்டாக்கும் நிலையே இது. தொற்றை உண்டாக்கும் பற்றீரியாக்களுள் பல, நலமான பச்சோந்தியின் வாயிலும் அது வாழும் கூட்டிலும் எப்போதும் இருப்பவை என்பதால், நோய் வெளியிலிருந்து வந்தது என்று சொல்வதைவிட, கூட்டின் வெப்பமும் ஈரமும் காற்றோட்டமும் பிழைத்த இடத்தில் அது முளைத்தது என்று சொல்வதே பெரும்பாலும் பொருந்தும். ஆகவே சிகிச்சையும் மருந்துப் புட்டியில் தொடங்குவதில்லை.

இலங்கையில் இயற்கையாக வாழும் பச்சோந்தியினம் ஒன்றே. 1768 இல் லோரன்றி என்னும் ஆய்வாளர் இலங்கையின் பெயரைச் சேர்த்து விவரித்த இந்த இனம் இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் காணப்படுகிறது. இலங்கையில் உலர் வலயத்துக்கே உரியது. மட்டக்களப்பு மாவட்டமும் உலர் வலயத்தைச் சேர்ந்ததுதான். எனினும் வாவியின் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே வயல் சூழ்ந்த படுவான்கரையிலும் பச்சோந்தி எனக் காட்டப்படும் விலங்கு பல வேளைகளில் பச்சை ஓணானாகவே இருக்கும். அதுவும் சினந்தால் தலை சிவக்கும், அஞ்சினால் உடல் கறுக்கும் என்பதால் இந்த மயக்கம் இயல்பானதே. பச்சோந்தியை அறிய நிறத்தைப் பார்க்க வேண்டியதில்லை. கூம்பாகப் புடைத்து ஒன்றுக்கொன்று தொடர்பின்றித் திரும்பும் கண்கள், இரண்டும் மூன்றுமாக ஒட்டிக் குறடுபோல் கிளையைப் பற்றும் விரல்கள், சுருண்டு பிடிக்கும் வால், முன்னும் பின்னும் ஆடி ஆடி வைக்கும் மெதுவான நடை ஆகியவற்றுள் இரண்டைக் கண்டாலே போதும்.

இந்த உள்நாட்டு இனத்தைச் செல்லப் பிராணியாக வைத்திருக்க இலங்கையில் இடமில்லை. 1937 ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் 2009 இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் அதைப் பிடிப்பதையும் அனுமதியின்றி அடைத்து வைப்பதையும் தடுக்கின்றன. அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைற்றிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பிலும் அது உள்ளது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கூடுகளில் காணப்படுபவை பெரும்பாலும் ஏமன், சவூதி அரேபியா பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட முக்காட்டுப் பச்சோந்தியும் மடகஸ்காரின் சிறுத்தைப் பச்சோந்தியும் ஆகும். சுவாசத் தொற்றைப் பற்றிய மருத்துவ அறிவு பெரும்பாலும் இவ்விரு இனங்களிலிருந்தே திரண்டது. ஆனால் நாய் கவ்வியதையோ வெள்ளத்தில் ஒதுங்கியதையோ இரக்கப்பட்டு எடுத்துச் சென்று பெட்டியில் வைப்பவர்கள் எங்கும் உண்டு. அந்தப் பெட்டியில் நடப்பதும், ரொறன்ரோவில் ஒரு கண்ணாடிக் கூட்டில் நடப்பதும் உடலியல் அளவில் ஒன்றேயாகும்.

பச்சோந்தியின் நுரையீரல் பாலூட்டிகளினதைப் போல நுண்ணிய காற்றறைகள் செறிந்த பஞ்சு அன்று. எளிய பையாக இருந்து, பின்புறத்தில் விரல்கள் போன்ற நீட்சிகளாக உடற்குழிக்குள் பரவுவது. மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் அதற்கு இல்லை என்பதால் விலாத் தசைகளின் அசைவாலேயே மூச்சு நிகழ்கிறது. மனிதனைப் போல் பலமாக இருமிச் சளியை வெளியே தள்ளவும் அதனால் இயலாது. இதனோடு ஊர்வனவற்றின் சீழ் திரவமாக ஓடாமல் பாற்கட்டி போல் இறுகும் தன்மையும் சேர்ந்துகொள்கிறது. சீழை இளக்கும் நொதியம் அவற்றின் வெண்குருதிக் கலங்களில் போதிய அளவு இல்லாமையே இதற்குக் காரணம். பையின் ஆழத்தில் இறுகிப்போன சீழ் தானாக வெளியேறுவதில்லை, அதனுள் மருந்தும் எளிதில் ஊடுருவுவதில்லை. சில நாட்களில் தீரும் என எண்ணித் தொடங்கும் சிகிச்சை பல வாரங்களுக்கு நீள்வது இதனாலேயே.

மேலும், ஒட்சிசன் குறைந்த நிலையைப் பாலூட்டிகளைவிட நீண்ட நேரம் தாங்கும் ஆற்றல் ஊர்வனவற்றுக்கு உண்டு. இரையாகும் விலங்குக்குரிய இயல்பாக நலிவை மறைக்கும் பழக்கமும் சேர்வதால், வெளிப்படையான மூச்சுத் திணறல் தெரியும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். முன்னரே தெரியும் அடையாளங்கள் சிறியவை: பகலில் கண்களை மூடிக்கொண்டிருத்தல், இரையைக் கண்டும் நாக்கை எறியாமை, நிறம் மங்கிக் கிடத்தல், மூச்சு விடும்போது மெல்லிய சொடுக்கொலி கேட்டல். பின்னர் தலையை மேலே தூக்கிக் கழுத்தை நீட்டி மூச்சு வாங்கும். வாயோரத்தில் நுரையோ இழையாக நீளும் சளியோ தெரியும். வாய் திறந்திருப்பது மட்டுமே நோயின் சான்று ஆகாது. கடும் வெயிலில் உள்ள நலமான பச்சோந்தியும் மிகுந்த வெப்பத்தை வெளியேற்ற வாயைத் திறக்கும். நிழலுக்கு மாறியதும் மூடிக்கொள்ளும். நிழலிலும், அதிகாலைக் குளிர்ச்சியிலும் மூடாத வாயே கவலைக்குரியது.

காரணங்களுள் முதலிடம் வெப்பத்துக்குரியது. பச்சோந்தி தன் உடலுக்குள் போதிய வெப்பத்தை உண்டாக்கிக்கொள்வதில்லை. வெயிலுக்கும் நிழலுக்கும் இடையே நகர்ந்தே உடல் வெப்பத்தைச் சீர்செய்கிறது. நோயுற்ற பல்லியினத்துக்கு இந்த நகர்வு எவ்வளவு இன்றியமையாதது என்பதை மத்தியூ குளூகரும் அவருடைய சகாக்களும் அமெரிக்கப் பாலைவன இகுவானாக்களில் செய்த ஆய்வுகள் காட்டின. பற்றீரியாவைச் செலுத்திய பின், விரும்பிய இடத்துக்குச் செல்ல விடப்பட்ட இகுவானாக்கள் வழக்கத்தைவிட ஏறத்தாழ இரண்டு பாகை செல்சியஸ் கூடுதலான உடல் வெப்பத்தைத் தேடிச் சென்றன என்பது 1974 இல் வெளியான முடிவு. அதாவது அவை வெயிலில் கிடந்தே தமக்குக் காய்ச்சலை வரவழைத்துக்கொண்டன. அடுத்த ஆண்டு, தொற்றுண்ட இகுவானாக்களை 34 முதல் 42 பாகை வரையான வெவ்வேறு வெப்பநிலைகளில் வைத்துப் பார்த்தபோது, சூடான அறைகளில் இருந்தவையே கூடுதலாகப் பிழைத்தன. அஸ்பிரின் வகையைச் சேர்ந்த மருந்தால் காய்ச்சலைத் தடுத்தபோது இறப்பு கூடியது என்பது 1976 இல் தெரியவந்தது. உடம்பு சுட்டால் உடனே பனடோலைத் தேடும் வீட்டாருக்கு இது சற்று விந்தையாகத் தோன்றக்கூடும்.

இந்த ஆய்வுகள் பச்சோந்தியில் செய்யப்பட்டவை அல்ல. பாலைவன இகுவானாவுக்கு உகந்த 40 பாகை பச்சோந்திக்கு ஆபத்தான சூடு. பொருந்துவது எண்ணன்று, வழிமுறையே. தெரிவதற்கு ஒரு சூடான முனையும் ஒரு குளிர்ந்த முனையும் இல்லாத கூட்டில், நோயுற்ற விலங்கின் முதல் மருந்து பறிக்கப்பட்டுவிடுகிறது.

குளிர்நாடுகளில் சூட்டு விளக்கு அணைந்துபோவதே வழக்கமான தவறு. மட்டக்களப்பில் இரவு வெப்பம் பொதுவாக 22, 23 பாகைக்குக் கீழ் இறங்குவது அரிது என்பதால் குளிர் ஒரு காரணமே அன்று எனத் தோன்றலாம். ஆயினும் கார்த்திகை முதல் தை வரை வாடைக்காற்றோடு பெய்யும் மாரி மழையில் நாட்கணக்கில் வெயில் தலைகாட்டாது. வெளியே மரத்திலுள்ள பச்சோந்திக்கு மழை விட்ட அரை மணி நேர வெயிலாவது கிடைக்கும், வீட்டுக்குள் மேசைக்கடியில் மட்டைப்பெட்டியில் இருப்பதற்கு அதுவும் கிடைக்காது. ஈரம் நிறைந்த வாவிக் காற்று, மூடிய பெட்டி, அதன்மேல் அன்பு மிகுந்து நாளுக்குப் பலமுறை தெளிக்கும் தண்ணீர் ஆகிய மூன்றும் சேர்ந்தால், பெட்டியின் அடியில் பூஞ்சணம் படர அதிக நாள் எடுக்காது. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றோ இதற்கு நேர்மாறான தீங்கைச் செய்கிறது. வறண்ட அந்தச் சூட்டில் நீரிழந்த விலங்கின் காற்றுப் பாதைச் சளி தடித்து, தூசியையும் கிருமியையும் வெளியேற்றும் வேலையைச் செய்யாமல் நின்றுவிடும்.

உணவும் இதில் பங்குகொள்கிறது. ஒரே வகைப் பூச்சியை நாள்தோறும் உண்ணும் பச்சோந்திக்கு விற்றமின் ஏ குறைந்தால், காற்றுப் பாதையின் ஈரமான உட்படலம் தடித்துத் தோல் போலாகி, கிருமிகளுக்கு வழிவிடுகிறது. பிடிபட்ட காட்டுப் பச்சோந்திகளின் நுரையீரலில் புழுக்களும் இருக்கலாம்; வெளியில் அமைதியாக இருந்த அவை அடைபட்ட அச்சத்தில் பெருகும். வைரஸ்களின் பங்கு அண்மையிலேயே தெளிவாகத் தொடங்கியது: சுவாச நோயுற்ற, கூட்டில் வளர்ந்த முக்காட்டுப் பச்சோந்திகளில் நைடோவைரஸ் வகையொன்றும் ஓர்த்தோரியோவைரஸும் சேர்ந்து காணப்பட்டதை 2020 இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. புதிதாக வந்ததைப் பழையவற்றோடு உடனே சேர்க்கக் கூடாது என்ற பழைய எச்சரிக்கைக்கு இது வலுச்சேர்த்துள்ளது.

சிகிச்சையில், மருத்துவரிடம் போகும் முன் வீட்டில் செய்யக்கூடாதவையே முக்கியம். பச்சோந்தி பாத்திரத்தில் நீர் அருந்துவதில்லை. இலையில் நிற்கும் துளிகளையே நக்கும். அது குடிக்கவில்லை என்று கவலைப்பட்டு வாயைப் பிரித்து நீரையோ கொத்தமல்லிக் கசாயத்தையோ ஊற்றுவது பெருந்தவறு. அதன் மூச்சுக்குழலின் வாய் தொண்டையின் ஆழத்தில் இல்லாமல், வாய்க்குள் நாக்கை ஒட்டியே திறந்திருப்பதால், ஊற்றியதில் ஒரு பகுதி நேரே நுரையீரலுக்குள் இறங்கிப் புதியதொரு நிமோனியாவை உண்டாக்கும். சளிக்கு நல்லதென்று தைலம் பூசுவதும், நுளம்புச் சுருளோ சாம்பிராணியோ புகையும் அறையில் வைப்பதும் புண்பட்ட காற்றுப் பாதையை மேலும் உறுத்தும். மனிதருக்கு வாங்கி மிஞ்சிய நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையை உடைத்துக் கொடுப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. நூறு, நூற்றைம்பது கிராம் எடையுள்ள உடலுக்கு நகநுனியளவு மருந்தும் மிகையாகும்.

மருத்துவர் முதலில் எடையையும் நீரிழப்பையும் பார்ப்பார். உள்வாங்கிய கண்களே நீரிழப்பைக் காட்டிவிடும். பின்னர் வாயின் உட்பகுதி, மலத்தில் புழு முட்டைகள், எக்ஸ்றேயில் நுரையீரல் நிழல் ஆகியன பார்க்கப்படும். வசதியுள்ள இடத்தில், சிறிதளவு உவர்நீரை மூச்சுக்குழலுக்குள் மெல்லிய குழாயால் செலுத்தி உடனே உறிஞ்சி எடுத்து, அதிலுள்ள பற்றீரியா எது, எந்த மருந்துக்குச் சாகிறது என்று வளர்த்துப் பார்ப்பார்கள். சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா போன்ற, பல மருந்துகளுக்கு மசியாத பற்றீரியாக்கள் அடிக்கடி காணப்படுவதால் இந்தச் சோதனை ஆடம்பரம் அன்று.

மருந்தின் ஓட்டமும் உடல் வெப்பத்தோடு கட்டுண்டது. மனிதருக்கு எட்டு மணிக்கு ஒருமுறை கொடுக்கப்படும் செஃப்ராசிடிம் என்னும் ஊசி மருந்தை, 30 பாகையில் வைக்கப்பட்ட பாம்புகளுக்கு 72 மணிக்கு ஒருமுறை கொடுத்தாலே போதும் என 1984 இல் வெளியான ஆய்வு காட்டியது. பல ஊர்வன மருத்துவர்கள் இன்றும் அந்த வழக்கத்தையே தழுவுகின்றனர். குளிர்ந்த உடலில் மருந்து பரவுவதும் கழிவதும் வேறு கணக்கு. ஆகவே கூட்டின் வெப்பத்தைச் சரிசெய்யாமல் ஊசி போடுவது, அளவு தெரியாமல் போடுவதற்குச் சமம். ஜென்ராமைசின் வகை மருந்துகள் நீரிழந்த ஊர்வனவற்றின் சிறுநீரகத்தைச் சிதைக்கக்கூடியவை என்பதால், முதலில் தோலுக்கடியில் நீரேற்றிய பின்னரே அவற்றை எண்ணிப் பார்க்கலாம். என்றோஃப்ளொக்சசின் பயனுள்ளது, ஆயினும் ஊசி போட்ட இடத்தில் தசையைக் கருக்கிவிடும் இயல்பு அதற்கு உண்டு. சளியை இளக்க, உவர்நீரை நுண்ணிய ஆவித்துளியாக்கிச் சுவாசிக்கச் செய்வதும் உதவும். சொடுக்கொலி நின்றுவிட்டது என்பதற்காக மருந்தை நிறுத்தினால், இறுகிய சீழில் எஞ்சிய கிருமி மீண்டும் கிளம்பும்.

மட்டக்களப்பின் அரச கால்நடை வைத்திய அலுவலகங்களின் அன்றாட வேலை மாடு, ஆடு, கோழி சார்ந்தது. மிருக வைத்தியப் பட்டப்படிப்பு பேராதனைப் பல்கலைக்கழகத்திலேயே நடைபெறுகிறது. காட்டு விலங்குகளுக்கான பொறுப்போ வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தினுடையது. எனவே நலிந்த பச்சோந்தியைக் காண்பவர் செய்ய வேண்டியது, அதைத் திணைக்கள அலுவலரிடம் அல்லது அவர் சொல்லும் மருத்துவரிடம் சேர்ப்பதே. அதுவரையில் காற்றுப் புகும் பிரம்புக் கூடையில், கால் பற்றிக்கொள்ள ஒரு கிளையோடு, ஒரு பாதியில் இளவெயிலும் மறுபாதியில் நிழலும் விழும்படி வைத்து, மேலே நுளம்பு வலையால் மூடி, காலையில் ஒருமுறை இலைகளில் நீர் தெளித்தால் போதும். ஊர்வனவற்றின் உடலில் சல்மொனெல்லா இருப்பது பொது என்பதால், தொட்ட கையைச் சோப்பால் கழுவ வேண்டும். சமையலறையில் கூடையை வைக்கக் கூடாது. தேறிய விலங்கை விடுவதற்கு முன் மழை விட வேண்டும். வெயில் ஏறிய ஒரு காலைப்பொழுதில், எடுத்த இடத்துக்கே கொண்டுபோய் விட வேண்டும் என்பதால், கண்டெடுத்த வேலியோ மரமோ எது என்பதைக் கூடையின் மேல் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி ஒட்டிக் கொடுப்பது அலுவலருக்குப் பெரிதும் உதவும்.