வீட்டு டெலிபோனில் குரல் மங்கினால்...

சென்ற ஐப்பசி அடைமழையின்போது, வெளியூர் மளிகைக் கடைக்காரர் ஒருவர் எமது வீட்டு டெலிபோனில் துவரம் பருப்பு ஆர்டர் கொடுத்தார். அவர் சொன்னது ஐம்பது மூட்டை. இரைச்சலில் எமது காதில் விழுந்தது எண்பது. மறுநாள் லாரி போய் இறங்கிய பிறகே தவறு தெரிந்தது. அதிகப்படியான 30 மூட்டையைத் திரும்ப எடுத்து, போக வர வண்டி வாடகையும் ஏற்றுக்கூலி இறக்குக்கூலியும் நாமே ஏற்றோம். நீண்ட நாள் பழக்கம் என்பதால் மனக்கசப்பு வராமல் தப்பித்தோம்.

கைப்பேசி வந்துவிட்டாலும், பழைய வாடிக்கையாளர்கள் மனப்பாடமாக வைத்திருப்பது அந்தப் பழைய எண்ணைத்தான். ஆகவே லைனைச் சோதிக்கும் முறையை உறுப்பினர்கள் அறிந்திருப்பது நல்லது.

எக்ஸ்சேஞ்சிலிருந்து இரண்டு செம்புக் கம்பிகளில் சுமார் 48 வோல்ட் மின்சாரம் வருகிறது. குரல் செல்வது அதன் வழியாகத்தான். இணைப்புகளில் ஈரம் இறங்கினாலும் பச்சைக் களிம்பு பிடித்தாலும் குரல் மங்கும், கரகரப்பு வரும்.

கணக்கு நேராகாவிட்டால் பிழை எந்தப் பேரேட்டில் என்று முதலில் பார்ப்போம் அல்லவா? அதுபோலப் பழுது வீட்டுக்குள்ளா, வெளியிலா என்று முதலில் பிரித்தறிய வேண்டும்.

வீட்டிலுள்ள எல்லா டெலிபோன்களையும், மோடம், ஃபேக்ஸ் இருந்தால் அவற்றையும் கழற்றிவிடுங்கள். லைன் வீட்டுக்குள் நுழையும் முதல் பெட்டியில், நன்றாக வேலை செய்யும் சாதாரண டெலிபோன் ஒன்றை மட்டும் மாட்டுங்கள். ஏதேனும் ஓர் எண்ணை அழுத்தினால் டயல் டோன் நிற்கும். அந்த அமைதியில் கரகரப்பு கேட்கிறதா என்று கவனியுங்கள்.

சத்தம் இல்லையென்றால் பழுது வீட்டுக்குள்தான். ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டி வாருங்கள். எதை மாட்டியதும் இரைச்சல் வருகிறதோ, அந்தக் கருவியோ அதன் ஒயரோதான் காரணம். ரிசீவரின் சுருள் ஒயர் உள்ளே அறுந்திருப்பதும் உண்டு. ஒரே லைனில் பல டெலிபோன்கள் இருந்தால் மணிச்சத்தம் குறையும். இரண்டு ரிசீவர்களை ஒன்றாக எடுத்தால் குரலும் இறங்கும். செம்புக் கம்பியிலேயே இன்டர்நெட் வைத்திருப்போர் ஃபில்ட்டர் மாட்டாவிட்டால் இரைச்சல் கேட்கும்.

முதல் பெட்டியிலேயே சத்தம் கேட்டால் பழுது வெளியில். மழையில் மட்டும் இரைச்சல், வெயிலில் சரி என்றால் பெரும்பாலும் ஏதோ ஓர் இணைப்பில் தண்ணீர் இறங்குகிறது என்று கொள்ளலாம். கம்பத்தில் நாம் ஏறக் கூடாது. புகார் பதிவு செய்து, முதல் பெட்டியில் சோதித்த விவரத்தையும் சொன்னால் லைன்மேனுக்கு வேலை சுலபம்.

மணி அடிக்கும்போது 48 வோல்ட்டுக்கும் மேலாக மின்சாரம் வரும். ஈரக் கையோடும், இடி மின்னல் நேரத்திலும் ஒயரைத் தொட வேண்டாம்.

ஃபைபர் லைனுக்கு மாறியவர்களுக்கு எக்ஸ்சேஞ்ச் மின்சாரம் வராது. அவர்கள் மோடத்தின் அடாப்டர் தளர்ந்திருக்கிறதா, ஃபைபர் ஒயர் மடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எமது வீட்டில் பழுது சன்ஷேடுக்கு வெளியே, வெறும் டேப் சுற்றிய ஓர் இணைப்பில் இருந்தது. வெட்டி, சுரண்டிப் புதிதாக இணைத்ததும் குரல் தெளிந்தது. இத்தனை சிறிய வேலைக்காக இரண்டு நடை லாரி வாடகை கொடுத்திருக்கிறோம்!

லைன் நன்றாக இருந்தாலும் இப்போது நாம் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். "ஐம்பது, அதாவது ஐந்து சைபர்" என்று திருப்பிச் சொல்லி, அவர் ஆம் என்ற பிறகே ஆர்டர் புத்தகத்தில் எழுதுகிறோம். உறுப்பினர்களும் இதைக் கடைப்பிடித்தால் நஷ்டமும் வராது, மனத்தாங்கலும் வராது.