சிபாரிசுக் கடிதமா, பதிவு எண்ணா?

“யாரைத் தெரியும்?”

வேலை கேட்டுச் செல்லும் ஏழை வீட்டுப் பிள்ளையை நோக்கி இந்த நாடு கேட்கும் முதல் கேள்வி இதுதான், தோழர்களே! ‘என்ன தெரியும்?’ என்று கேட்பதில்லை, ‘யாரைத் தெரியும்?’ என்று கேட்கிறது. கணக்கெழுதத் தெரியும் என்கிறான் பிள்ளை. கணக்கப்பிள்ளையைத் தெரியுமா என்கிறார்கள். இயந்திரம் ஓட்டத் தெரியும் என்கிறான். முதலாளியின் மைத்துனரைத் தெரியுமா என்கிறார்கள். தெரியாது என்று தலை கவிழ்கிறான். “போய் வா, சொல்லி அனுப்புகிறோம்” என்கிறார்கள். சொல்லி அனுப்புவதும் இல்லை. அவன் வீட்டு அடுப்பு எரிவதும் இல்லை.

வசதி படைத்தவன் பிள்ளைக்கு இந்த வாட்டம் இல்லை. அவனுக்கு மாமன் வங்கியிலே, சித்தப்பன் ஆலையிலே, சாதிக்காரர் சர்க்கார் அலுவலகத்திலே! இங்கே ஒரு கடிதம், அங்கே ஒரு தொலைபேசி, காரியம் முடிந்தது! அதற்குப் பெயர் சிபாரிசு. மேட்டிலே இருந்தவனை மேட்டிலேயே வைத்திருக்கவும், பள்ளத்திலே கிடந்தவனைப் பள்ளத்திலேயே அழுத்தவும் தலைமுறை தலைமுறையாகப் பயன்பட்ட கருவி அது.

அந்தக் கருவியை முறிக்கத்தான் நம் முன்னோர் போராடினர். 1921-இல் நீதிக்கட்சி ஆட்சி வகுப்புவாரி உரிமைக்கு ஆணை பிறப்பித்தது. அந்த உரிமையை 1928-இல் முத்தையா முதலியார் அமைச்சராக இருந்து செயலுக்குக் கொண்டு வந்தார். 1929-இல் சென்னை மாகாணத்தில் சர்வீஸ் கமிஷன் அமைந்தது. இந்திய மாகாணங்களிலேயே அதுதான் முதலாவது. ஆள் முகம் பார்த்து வேலை தருவதை விட்டு, முறை வைத்து வேலை தர வேண்டும் என்பதே இத்தனைக்கும் அடிப்படை.

சர்க்கார் வேலைக்கு அந்த வழி பிறந்தது. ஆலை வேலைக்கு? சூளை வேலைக்கு? கடை வேலைக்கு? அதற்கு ஏற்பட்ட அமைப்புதான் வேலைவாய்ப்பு அலுவலகம். இன்று அதன் வாயிலிலே ‘மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம்’ என்று பலகை தொங்குகிறது. பெயர் நீண்டுவிட்டது. கிராமத்திலிருந்து அதற்குச் செல்லும் வழி மட்டும் குறையவில்லை!

இலண்டன் காட்டிய பாடம்

இந்த அமைப்பு எப்படிப் பிறந்தது தெரியுமா? இலண்டன் துறைமுகத்திலே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே, விடியுமுன் கூட்டம் கூடும். மூட்டை தூக்கும் தொழிலாளர் நூற்றுக்கணக்கில் வாயிலிலே நிற்பர். மேஸ்திரி வருவான். “நீ வா! நீ போ!” என்பான். அவன் கைகாட்டியவனுக்கு அன்று ரொட்டி; மற்றவனுக்குப் பட்டினி. ஒருவனை ஒருவன் இடித்துத் தள்ளி, மிதித்து, சட்டை கிழிய முன்னேறுவான். தொழிலாளியைத் தொழிலாளிக்கே பகைவனாக்கிய வாயில் அது! 1889-இல் அந்தத் தொழிலாளர் மணிக்கு ஆறு பென்ஸ் கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்து வென்றனர். கூலி உயர்ந்தது, கூட்டம் கூடி நிற்பது ஒழியவில்லை.

வேலை எங்கே இருக்கிறது என்பது தொழிலாளிக்குத் தெரிவதில்லை; ஆள் எங்கே இருக்கிறான் என்பது முதலாளிக்குத் தெரிவதில்லை. இரண்டையும் இணைக்கப் பொதுவான ஓரிடம் வேண்டும் என்று எடுத்துரைத்தவர் பெவரிட்ஜ் எனும் பேரறிஞர். 1909-இல் சட்டம் பிறந்தது. 1910 பிப்ரவரி முதல் நாள் 62 நிலையங்கள் திறக்கப்பட்டன. அந்தச் சட்டத்தைக் கொண்டு வந்த அமைச்சர் யார்? சர்ச்சில்! இந்தியாவுக்கு விடுதலை கூடாது என்று பின்னாளில் முழங்கினாரே, அதே சர்ச்சில்தான். சீமான் குடும்பத்தில் பிறந்த அவருக்கே, சிபாரிசை நம்பிச் சீமை வாழாது என்பது புரிந்தது. நம் நாட்டுச் சீமான்களுக்குத்தான் இன்னும் புரியவில்லை!

மே நாளில் வந்த சட்டம்

இந்தியாவில் 1945-இல் இந்த நிலையங்கள் தொடங்கின. யாருக்காக? போர் முடிந்து துப்பாக்கியைக் கீழே வைத்த சிப்பாய்க்காக. 1948-இல்தான் எல்லாருக்கும் கதவு திறந்தது. 1956 நவம்பர் முதல் நாள், மொழிவழி மாநிலங்கள் மலர்ந்த அதே நாளில், அன்றாட நிர்வாகம் மாநில அரசுகளின் கைக்கு வந்தது. 1959-இல், காலியிடங்களைக் கட்டாயம் அறிவிக்க வேண்டும் என்று சட்டம் இயற்றினர். அது நடைமுறைக்கு வந்த நாள் 1960 மே முதல் நாள். ஆம், உழைப்பாளர் திருநாள்!

நாள் நல்ல நாள். சட்டம் எப்படி? 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்கள் காலியிடத்தை அறிவிக்க வேண்டும் என்றது. அறிவிக்காவிட்டால் முதல் முறை 500 ரூபாய் வரை அபராதம். மறுமுறை 1000 ரூபாய் வரை. ஆலை அதிபர் விருந்தினருக்குத் தேநீர் வாங்கும் செலவு! அறிவித்தாலும், அந்த அலுவலகம் அனுப்பும் ஆளைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று சட்டமே சொல்லிவிட்டது.

இன்னும் கேளுங்கள். விவசாய வேலைக்கு இந்தச் சட்டம் இல்லை என்றனர். வீட்டு வேலைக்கு இல்லை என்றனர். மூன்று மாதத்துக்குக் குறைந்த வேலைக்கும் இல்லை என்றனர். கிராமத்திலே இருக்கும் வேலை என்ன, தோழர்களே? நடவு, அறுவடை. பருவத்துக்குச் செங்கல் சூளை. பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறை. கிராமத்து வேலை எதுவோ, அதுவே சட்டத்துக்கு வெளியே! பந்தியிலே இலை போட்டுவிட்டு, பசித்தவனை மட்டும் எழுந்து போகச் சொன்ன கதை இது.

அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2020-இல் நாடாளுமன்றம் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பைக் கொண்டு வந்தது. 2025 நவம்பர் 21-இல் அதை நடைமுறைப்படுத்தியதாக ஒன்றிய அரசு அறிவித்தது. ‘வேலைவாய்ப்பு அலுவலகம்’ என்ற சொல் போய், ‘தொழில்வழி மையம்’ என்ற பொருளில் புதுப்பெயர் வந்திருக்கிறது. இருபத்தைந்து என்ற கணக்கு இருபதாகக் குறைந்திருக்கிறது. ஆனால், மையத்தின் மூலம் ஆள் எடுத்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் இதிலும் இல்லை. சட்டை புதிது, உடம்பு பழையது!

தரகன் வருகிறான்

அரசின் அலுவலகம் நகரத்திலே காத்திருக்கிறது. தரகனோ கிராமத்துக்கே வருகிறான்! எல்லாக் கேட்டுக்கும் வேர் இதுதான்.

நம் பாட்டன்மாரை இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலேயா இரப்பர்க் காட்டுக்கும் அழைத்துச் சென்றவன் யார்? கங்காணி. எங்கிருந்து வந்தான்? சொந்த ஊரிலிருந்தே வந்தான், சொந்தக்காரனைப் போலப் பேசினான், முன்பணம் நீட்டினான். முன்பணம் கடனாயிற்று; கடன் விலங்காயிற்று. மலேயாவுக்குக் கூலியாள் அனுப்புவதை 1938-இல் இந்திய அரசு தடுத்து நிறுத்தியது. கங்காணி மறைந்தான் என்று எண்ணினோம். மறையவில்லை, உருமாறினான்!

செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு ஆள் பிடிக்கிறான் அவன். முன்பணத்தைக் கொடுத்துப் பிள்ளை குட்டிகளோடு லாரியில் ஏற்றுகிறான். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. அந்தச் சட்டத்தின் பெயரைக்கூட லாரியிலே போகிறவன் கேள்விப்பட்டதில்லை. கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டாரப் பஞ்சாலைகளுக்கு ஏழைப் பெண்களை அழைத்துச் சென்றனரே, ‘சுமங்கலித் திட்டம்’ என்று! எவ்வளவு அழகான பெயர்! மூன்றாண்டு உழைத்தால் முப்பதாயிரம், ஐம்பதாயிரம் மொத்தமாகக் கையில் கிடைக்கும், கலியாணச் செலவுக்கு ஆகும் என்று ஆசை காட்டினர். விடுதிச் சுவருக்குள் அடைத்தனர். நோய் வந்து இடையிலே திரும்பிய பெண்கள் பலருக்கு அந்தத் தொகை கிடைக்கவில்லை. தாலியின் பெயரைச் சொல்லித் தங்கையின் இளமையைச் சுரண்டிய கொடுமை அது. அந்தப் பெண்ணின் தகப்பனுக்கு வேலைவாய்ப்பு அலுவலகத்தின் முகவரி தெரியாது. தரகனின் முகம் தெரியும்.

இன்று ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் நம் ஊர்களுக்கு வரும் தொழிலாளியும் தரகனுக்குத் தண்டம் அழுதுவிட்டுத்தான் வருகிறான். அவனைப் பகைப்பதிலே பொருளில்லை. தரகன் அங்கே அவனையும் சுரண்டுகிறான், இங்கே நம்மையும் சுரண்டுகிறான். பகைக்க வேண்டியது தரகு முறையை!

மையம் என்ன செய்கிறது?

“அறுபது இலட்சம் பேர் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்களே! பதிந்து என்ன பயன்?” என்று கேலி பேசுவோர் உண்டு. 2023-இல் தமிழ்நாட்டில் பதிந்திருந்தோர் தொகை 60 இலட்சத்தைத் தாண்டியது உண்மை. பதிவு மூப்பு ஒன்றை மட்டும் வைத்து அழைக்காமல், விளம்பரம் செய்தும் ஆள் எடுக்க வேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் உண்மை. கடிதம் வரும், சர்க்கார் வேலை வரும் என்று வாசலைப் பார்த்துக் கொண்டிருந்த காலம் போய்விட்டது.

ஆனால், மையம் அஞ்சல் பெட்டி அல்லவே! அங்கே பதிவுக்குக் கட்டணம் இல்லை. எந்தப் படிப்புக்கு எந்தத் தொழில், எந்தத் தொழிலுக்கு எந்தப் பயிற்சி, எந்தத் தொழிற்பயிற்சி நிலையத்திலே இடம் என்று எடுத்துச் சொல்ல ஆள் இருக்கிறார். அரசுத் தேர்வுக்குத் தயாராவோருக்குத் தன்னார்வப் பயிலும் வட்டம் இருக்கிறது. பயிற்சி இலவசம், படிக்கப் புத்தகமும் உண்டு. பட்டணத்துப் பயிற்சிக் கூடங்களிலே ஆயிரக்கணக்கில் பணம் கட்ட முடியாத கூலிக்காரன் மகனுக்கு அது கல்லூரிக்குச் சமம். தனியார் நிறுவனங்களை நேரில் வரவழைத்து வேலைவாய்ப்பு முகாமும் நடத்துகிறார்கள். 2006-இல் கலைஞர் ஆட்சியில், பதிந்து காத்திருக்கும் ஏழை இளைஞருக்கு மாத உதவித்தொகை தொடங்கப்பட்டது. தொகை சிறிது, அதன் பொருள் பெரிது. வேலையின்மை இளைஞனின் தலையெழுத்து அல்ல, அரசு பொறுப்பேற்க வேண்டிய குறை என்ற ஒப்புதல் அது!

வேலை கொடுப்போருக்கும் சொல்லுவேன். “ஆள் கிடைக்கவில்லை, ஆள் கிடைக்கவில்லை” என்று அரிசி ஆலைக்காரரும் கயிற்றுத் தொழிற்சாலைக்காரரும் அலுத்துக் கொள்கிறார்கள். பக்கத்து ஊரிலேயே பிட்டர் படித்த பையன் வேலையின்றிப் பாலத்துச் சுவரிலே உட்கார்ந்திருக்கிறான். தரகனுக்குக் கொடுக்கும் பணத்தைத் தொழிலாளிக்குக் கூலியாகக் கொடுங்கள். காலியிடத்தை மையத்துக்கு எழுதி அனுப்புங்கள். ஆள் தேடித் தர மையம் தரகு கேட்பதில்லை.

நாம் கேட்பதும், நாம் செய்வதும்

அரசிடம் நாம் கேட்பது மூன்று. மாவட்டத் தலைநகரோடு நிற்காமல், ஒன்றியம்தோறும் மையத்தின் கிளை வேண்டும். சந்தை கூடும் நாளிலே அது திறந்திருக்க வேண்டும். காலியிடத்தை அறிவிப்பவர், கூலி எவ்வளவு, வேலை நேரம் எவ்வளவு, தங்குமிடம் எப்படி என்பதையும் எழுத்திலே தர வேண்டும். சூளைக்கும் ஆலைக்கும் வெளியூர் ஆள் சேர்ப்பது மையத்தின் ஏட்டிலே பதிவான பிறகே நடக்க வேண்டும்.

கேட்டுவிட்டுச் சும்மா இருப்பவர்களா நாம்? ஊர்தோறும் நமக்குப் படிப்பகம் இருக்கிறது. ஏடு படிக்கத் தெரியாத உழைப்பாளியை உட்கார வைத்து, ஒருவர் உரக்கப் படிக்க, ஊரே கேட்டு அரசியல் கற்ற இடம் அது. அந்தப் படிப்பகத்தின் சுவரிலே ஒரு பலகை தொங்கட்டும். மையத்திலிருந்து வரும் வேலைச் செய்தி வாரந்தோறும் அதிலே எழுதப்படட்டும். படித்த தோழர் ஒருவர் ஞாயிறு காலையிலே இரண்டு மணி நேரம் அமர்ந்து, பத்தாவது தேறிய பிள்ளைகளுக்கும் அவர்களின் அக்காள் தங்கையருக்கும் பதிவு செய்து கொடுக்கட்டும். புதுப்பிக்கும் நாளைக் குறித்து வைத்து நினைவூட்டட்டும். தரகன் ஊருக்குள் வந்தால், “முதலாளி பெயர் என்ன? கூலி என்ன? எழுதிக் கொடு” என்று பத்துப் பேர் சேர்ந்து கேட்கட்டும். எழுதிக் கொடுப்பவன் இருப்பான். ஏமாற்ற வந்தவன் அடுத்த பேருந்தைப் பிடிப்பான்!

பதிவு எண்ணுக்குச் சாதி இல்லை. அதற்கு மாமனும் இல்லை, மைத்துனனும் இல்லை. ஆகவேதான் அது ஏழைக்கு வேண்டும். ‘யாரைத் தெரியும்?’ என்று கேட்பவரிடம், ‘எனக்குத் தொழில் தெரியும், என் உரிமையும் தெரியும்’ என்று நம் பிள்ளைகள் நிமிர்ந்து நின்று சொல்ல வேண்டும். அதற்கு வரும் ஞாயிறே தொடங்குங்கள், தோழர்களே!