எம்போரியமும் பட்டினமும்

'எம்போரியம்' என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் 'போரோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லில் உள்ளது. வழி, கடந்து செல்லும் இடம், ஆற்றுத்துறை ஆகிய பொருள்களைத் தந்த அச்சொல்லோடு 'உள்' என்று பொருள்படும் முன்னொட்டு சேர்ந்து 'எம்போரோஸ்' பிறந்தது. ஹோமரின் ஒடிசியில் எம்போரோஸ் என்பவன் வணிகன் அல்லன். சொந்தக் கப்பல் இல்லாமல் பிறர் கப்பலில் இடம்பெற்றுச் செல்லும் பயணியே அவ்வாறு அழைக்கப்பட்டான். பிற்காலத்தில் சரக்கோடு கடல்கடக்கும் வணிகனுக்கு இப்பெயர் உரியதாயிற்று. ஊருக்குள் அமர்ந்து சில்லறையாக விற்பவனுக்கோ 'காப்பேலோஸ்' என்ற வேறு பெயர் இருந்தது. ஆகவே எம்போரோஸிலிருந்து பிறந்த 'எம்போரியோன்' என்பது கடல்வணிகன் வந்திறங்கும் இடமேயன்றி, உள்ளூர்க்காரன் உப்பும் புளியும் வாங்கும் கடைத்தெரு அன்று. தமிழிலும் 'துறை' என்ற ஒரே சொல் ஆற்றில் இறங்கும் இடத்தையும் கப்பல் அணையும் இடத்தையும் குறிப்பது இங்கு நினைக்கத்தக்கது.

கப்பல் நிற்கும் கரையெல்லாம் எம்போரியோன் ஆகிவிடுவதில்லை. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் எகிப்தில் கிரேக்க வணிகருக்கென நௌக்ராட்டிஸ் என்ற ஒரே ஊர் ஒதுக்கப்பட்டிருந்ததை ஹெரோடோட்டஸ் குறிப்பிடுகிறார். ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸில் ஏற்றுமதி, இறக்குமதி இரண்டுக்கும் ஐம்பதில் ஒரு பங்கு வரி வாங்கப்பட்டது. வணிகத்தைக் கண்காணிக்கச் சீட்டுக் குலுக்கி 10 அதிகாரிகள் தெரிந்தெடுக்கப்பட்டனர். அயலார் வரலாம், விற்கலாம், ஆனால் மண்ணுக்குரிய அரசின் கண்பார்வையில்தான் விற்கலாம் என்பதே இச்சொல்லின் உட்கிடை. காவிரிப்பூம்பட்டினத்துப் பண்டங்களின் மீது சோழரின் புலிச்சின்னம் பொறிக்கப்பட்டதைக் கூறும் பட்டினப்பாலை, கிரேக்கச் சொல்லைப் பயன்படுத்தாமலேயே ஓர் எம்போரியோனைத்தான் விவரிக்கிறது எனலாம்.

சோழமண்டலக் கரைக்கு இச்சொல் நேராகவே வந்து சேர்ந்தது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்ரேயக் கடல் பயண நூல்' கமரா, பொதுக்கே, சோபட்மா ஆகிய மூன்று துறைகளை எம்போரியோன் என்கிறது. அடுத்த நூற்றாண்டில் புவியியலாளர் தாலமி காபேரிஸ், சோபுரஸ், பொதுக்கே ஆகியவற்றை அவ்வாறே குறிக்கிறார். காபேரிஸ் காவிரிப்பூம்பட்டினம் என்பதிலும், பொதுக்கே புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டுப் பகுதி என்பதிலும் அறிஞர் பெரும்பாலும் ஒத்துப்போகின்றனர்; 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது கிடைத்த இத்தாலிய மட்கலங்களும் மதுச்சாடித் துண்டுகளும் அரிக்கமேட்டின் கடல்வணிகத்துக்குச் சான்றாயின. இவ்விரண்டுக்கும் இடையில் தாலமி வைத்துள்ள சோபுரஸ் கடலூர்ப் பகுதியாகலாம் என்று கருதியவர் உண்டு. கரையின் அமைப்புக்குப் பொருந்தினாலும் அது ஊகமே.

இலத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குள் புகுந்த சொல், முதலில் வணிகநகரத்தையும் பிறகு பலவகைப் பொருள் நிறைந்த பெரிய கடையையும் குறித்தது. கடைக்காரர்கள் தம் கடையைப் பெரிதாக்கிக் காட்டச் சூட்டிய பெயர், கடல்வணிகனை விட்டுக் காப்பேலோஸின் கைக்கு வந்துவிட்டது என்பது கிரேக்கர் கேட்டால் சிரிக்கக்கூடிய திருப்பம். தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம் தன் கடைகளுக்குக் காவிரிப்பூம்பட்டினத்தின் மறுபெயரான 'பூம்புகார்' என்று பெயரிட்டது, அறிந்தோ அறியாமலோ, பழம்பொருளுக்கு அருகில் வந்த பெயரீடு.

அரிக்கமேட்டுக்குத் தெற்கே 20 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் கெடிலம் கடலோடு கலக்கும் பகுதியில் உள்ள தேவனாம்பட்டினத்தின் பெயரிலுள்ள 'பட்டினம்' என்பதும் கடற்கரை வணிக ஊரைக் குறிக்கும் சொல்லே. ஆனால் 1690இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடமிருந்து இங்கிருந்த கோட்டையை விலைக்கு வாங்கிப் புனித டேவிட் கோட்டை எனப் பெயரிட்டபோது நிகழ்ந்தது எம்போரியோன் முறைக்கு நேர்மாறானது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த எல்லைக்குள் அடங்கிய ஊர்களெல்லாம் கம்பெனிக்கு உரியவை என ஒப்பந்தம் அமைந்தது. அவை குண்டு கிராமங்கள் என வழங்கப்பட்டன. மண்ணுக்குரியவனுக்கு வரி செலுத்த வந்த வணிகன், தானே எல்லை வகுத்து வரி வாங்குபவன் ஆனான். 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைப்பட்டபின் சில ஆண்டுகள் கம்பெனியின் சோழமண்டலத் தலைமையிடமாகவும் இருந்த இக்கோட்டையை, 1758இல் லாலியின் தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை கைப்பற்றி இடித்துத் தள்ளியது.