சல்லடை நல்லதா என்று எப்படித் தெரியும்?

கருத்தரிப்பு மருத்துவமனைகளில் விந்தைச் சலித்தெடுப்பதை 'ஸ்பெர்ம் வாஷ்' என்பார்கள். விந்துத் திரவத்தை நீக்கி, துடிப்பாக நீந்தும் அணுக்களைப் பிரித்தெடுக்கும் வேலை. விந்தை அப்படியே கருப்பைக்குள் செலுத்தினால் திரவத்திலுள்ள புரோஸ்டாகிளாண்டின்கள் கருப்பையை இறுக்கிக் கடும் வலி கொடுக்கும்.

வழக்கமான முறைகள் இரண்டு. விந்தின்மேல் ஊட்டக் கரைசலை ஊற்றி, அதற்குள் நீந்தி ஏறுபவற்றை எடுத்துக்கொள்வது ஒன்று. சிலிக்கா துகள் கலந்த கரைசல் அடுக்குகளின் மேல் விந்தை விட்டுச் சுழற்றி, அடியில் படியும் நல்ல அணுக்களை எடுப்பது இன்னொன்று. பிரிக்காத விந்தை அப்படியே சுழற்றினால், பழுதான அணுக்கள் கக்கும் ஆக்சிஜன் வேதிகள் நல்லவற்றையும் கெடுக்கும் என்று விந்தணு ஆய்வாளர் ஜான் எய்ட்கனின் ஆய்வுகள் 1988இலேயே எச்சரித்தன. சுழற்றலே இல்லாத நுண்குழல் சில்லுகள் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். சில்லு வழியே நீந்தி வந்த அணுக்களில் டிஎன்ஏ சிதைவு குறைவு என்கிறார்கள். சரி, குழந்தை பிறந்ததா?

இந்தக் கேள்வியைத்தான் பிரிட்டனில் 16 மருத்துவமனைகள் சேர்ந்து கேட்டன. அங்கே சோதித்தது சில்லையல்ல, வேறொரு தேர்வு முறையை. கருமுட்டையைச் சூழ்ந்திருக்கும் ஹையலுரோனன் என்ற பொருளில் முதிர்ந்த விந்தணு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டியவற்றை மட்டும் பொறுக்கி முட்டைக்குள் செலுத்தினால் பலன் கூடுமா? 2772 தம்பதியரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 2019இல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது: நிறைமாதக் குழந்தை பிறந்தது புதிய முறையில் 27.4 சதவீதம், வழக்கமான முறையில் 25.2 சதவீதம். இந்த இடைவெளி தற்செயலாகவே வந்திருக்கலாம். முறை வென்றதாகச் சொல்ல முடியாது.

கருச்சிதைவு மட்டும் 7.0இலிருந்து 4.3 சதவீதமாகக் குறைந்திருந்தது. எனக்கு இதுதான் சுவாரசியம். ஆனால் ஆய்வு முதன்மையாகக் கேட்ட கேள்வி அதுவல்ல. பல அளவுகளைப் பார்க்கும்போது ஒன்று தற்செயலாக நன்றாக அமைவதுண்டு. அதையே முதல் கேள்வியாக வைத்து மறுபடி சோதிக்க வேண்டும்.

ஆய்வகத்தில் ஒரு முறை ஜெயிக்கச் சில மாதிரிகளும் நுண்ணோக்கியும் போதும். பிரசவ அறையில் இந்த 2.2 சதவீதப் புள்ளி வித்தியாசத்தை உறுதிசெய்ய, கணக்குப்படி ஒவ்வொரு பிரிவிலும் ஏறக்குறைய ஆறாயிரம் தம்பதியர் வேண்டும். பிரிட்டன் ஆய்வில் ஒரு பிரிவுக்குக் கிடைத்தது சுமார் 1400 பேர்.